பக்கத்துப் பக்கத்து மரத்துலயே இனம் பிரியுது
மலையோ கடலோ குறுக்க வந்து பிரிச்சாத்தான் புது உயிரினம் உருவாகும்னு கட்டுரைல அடிச்சு சொல்லியிருக்கீங்க, பெரும்பாலும் சரிதான், ஆனா எப்பவும் அப்படி இல்ல. அமெரிக்காவுல ஹாதார்ன்னு ஒரு காட்டு மரம், அதோட சின்னச் சிவப்புப் பழத்துல முட்டை வைக்கிற ஒரு ஈ இருக்கு, வெளியிலருந்து வந்து குடியேறினவங்க ஆப்பிள் நட்டதுக்கு அப்புறம் 1860கள்ல ஹட்சன் பள்ளத்தாக்குல அதுல ஒரு கூட்டம் ஆப்பிளுக்குத் தாவிருச்சு. இதுங்க ஜோடி சேர்றதே பழத்து மேலதான், வாசனை பிடிச்சுதான் மரத்தையே கண்டுபிடிக்கும், அதுவும் ஆப்பிள் மூணு நாலு வாரம் முன்னாடியே பழுத்துடும், ஈயோட ஆயுசோ ஒரு மாசம் போல, அதனால பக்கத்து மரத்துல இருந்தாலும் ரெண்டு கூட்டமும் கலக்குறது தலைமுறைக்கு 4லருந்து 6 சதவீதம்தான். மேல ஒருத்தர் "ஈ ஈயாத்தானே இருக்கு"ன்னு கேட்டிருக்கார், ஐயா, ஈ குருவியா மாறும்னு பரிணாமம் எங்கயுமே சொல்லல, கலந்துட்டிருந்தது கலக்காம போறதுதான் முதல் படி, இது இன்னும் பாதி வழிலதான் இருக்கு, அதனாலதான் இவ்ளோ முக்கியம். இன்னொண்ணு, இந்த ஈயோட புழுவுக்குள்ள முட்டை வைக்கிற ஒரு குட்டிக் குளவி, அதுவும் இப்ப அதே மாதிரி ஆப்பிள் கூட்டம் ஹாதார்ன் கூட்டம்னு பிரிய ஆரம்பிச்சிருச்சு.