சூடு

சரோஜா: ஏனுங்கண்ணா, எங்கள் பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக நுரை பொங்கி வருகிறது. குளிக்கப் போன மனுஷன் சோப்பையே தொடவில்லை, முழங்கால் வரை நுரையோடு வெளியே வந்து நிற்கிறார். மாடியில் என்ன செய்கிறீங்க?

நடராஜன்: வாங்கம்மா. பார்த்து வாங்க, வழுக்கும். இங்கே அதைவிடப் பெரிய பிரச்சினை. வாஷிங் மெஷினுக்கு ஜுரம்.

சரோஜா: ஜுரமா?

நடராஜன்: பாதியில் நின்றுவிட்டு 'சூடு' என்று காட்டுகிறது. நானே கண்ணாடி போட்டுப் படித்தேன். எஸ், யூ, டி. சூடு. வெளிநாட்டு மெஷின், தமிழில் சொல்கிறது பாருங்க. என் பேங்க் பாஸ்புக் கூட இவ்வளவு தமிழ் பேசியதில்லை.

சரோஜா: சரி, அதற்கு என்ன செய்தீங்க?

நடராஜன்: சூட்டுக்கு என்ன செய்வோம்? ஈரத் துண்டை மேலே போட்டேன். டேபிள் ஃபேனை எதிரில் வைத்தேன்.

சரோஜா: அதுதான் டிவி மேல் நுரை உட்கார்ந்திருக்கிறதா! அண்ணா, அது சூடு இல்லைங்க, சட். இங்கிலீஷில் 'சட்ஸ்' என்றால் நுரை. நுரை அதிகமாகிவிட்டது, கொஞ்சம் அடங்கட்டும் என்று மெஷின் தானாக நிற்கிறது. அடங்கினதும் அதுவே ஓட ஆரம்பித்திருக்கும்.

நடராஜன்: அடடா. நின்றுவிட்டதே என்று நான் அணைத்து, முதலிலிருந்து போட்டேனே.

சரோஜா: எத்தனை தடவை?

நடராஜன்: மூன்று. ஒவ்வொரு தடவையும் பொடி புதிதாகப் போட்டேன். பழைய பொடிதான் நுரையாகப் போய்விட்டதே.

சரோஜா: தடவைக்கு எவ்வளவு?

நடராஜன்: நாலு கரண்டி.

சரோஜா: டீஸ்பூனா?

நடராஜன்: குழம்புக் கரண்டி.

சரோஜா: பன்னிரண்டு குழம்புக் கரண்டி! அப்படி எத்தனை துணிங்க?

நடராஜன்: இரண்டு பனியன், ஒரு வேட்டி. அப்புறம் ஒரு கைக்குட்டை.

சரோஜா: கைக்குட்டை இன்னும் இருக்கிறதா, கரைந்துவிட்டதா? சரி, என்ன பொடி போட்டீங்க?

நடராஜன்: நேற்று நானே போய் வாங்கி வந்தேன். ஐந்து கிலோவுக்கு ஒரு வாளி இலவசம்.

சரோஜா: அது ஊறவைத்துக் கையால் கசக்குகிற பொடிங்க. பொங்கப் பொங்க நுரைத்தால்தான் நமக்கு மனசு ஆறும் என்று அப்படிச் செய்கிறார்கள். முன்னால் கதவு வைத்த மெஷினுக்கு, நுரையை அடக்குகிற சரக்கு சேர்த்த பொடி தனியாக விற்கிறது.

நடராஜன்: நுரைக்காத பொடிக்குக் காசு கொடுப்பதா? என்னை யாரென்று நினைத்தீங்க?

சரோஜா: அந்த வாளி எங்கே?

நடராஜன்: புத்தம் புதிதாக இருக்கிறது. எதற்கு?

சரோஜா: நுரையை அள்ள வேண்டாமா?

(கொஞ்ச நேரம் இருவரும் அள்ளுகிறார்கள். நுரையை அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வாளிதான் நிறையும், தரை அப்படியே இருக்கும்.)

நடராஜன்: இருந்தாலும் நுரை வந்தால்தானேம்மா அழுக்கு போகும்?

(எங்கள் குடியிருப்பில் இந்த வசனத்தைச் சொல்லாத ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.)

சரோஜா: துவைக்கிற கல்லில் மெத்தையை விரித்து, அதன் மேல் துணியை அடிப்பீங்களா?

நடராஜன்: யாராவது அப்படி அடிப்பார்களா?

சரோஜா: உங்கள் மெஷினுக்குள் அதுதான் நடக்கிறது. துணி மேலே போய்ப் பொத்தென்று விழ வேண்டும், ஒன்றோடு ஒன்று உரச வேண்டும். நடுவில் நுரை மெத்தை போட்டுக்கொண்டால் எங்கே விழும், எங்கே உரசும்? உங்கள் பனியன் மூன்று மணி நேரமாகத் தூளியில் ஆடுகிறது.

நடராஜன்: சென்னையில் இதே நாலு கரண்டிதான். ஒரு பொட்டு நுரை வெளியே வந்ததில்லை.

சரோஜா: அங்கே என்ன தண்ணீர்?

நடராஜன்: போர் தண்ணீர். வாளி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும்.

சரோஜா: உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் பாதிப் பொடியை முதலில் தின்றுவிடும். இங்கே வருவது சிறுவாணி. உலகத்திலேயே இரண்டாவது ருசி என்று கோயம்புத்தூரில் எல்லாரும் மார் தட்டுகிற தண்ணீர். அது அவ்வளவு மென்மைங்க, சோப்பைக் காட்டினாலே நுரைக்கும். அக்கா குடிவந்த அன்றே என்னிடம் கேட்டுப் பாதியாகக் குறைத்துவிட்டாரே.

நடராஜன்: அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

சரோஜா: நீங்கள் கேட்டீங்களா? மெஷின் வாங்கி எத்தனை வருஷம்?

நடராஜன்: ஆறு.

சரோஜா: நீங்கள் துவைத்தது?

நடராஜன்: இன்றைக்கு. அவள் தங்கை வீட்டுக்குத் திருப்பூர் போயிருக்கிறாள், உதவியாக இருக்கட்டுமே என்று... ஆனால் ஆறு வருஷமாக நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். "என்ன, நுரையே காணோம், இன்னும் ஒரு கரண்டி போடு" என்று சொல்வதே நான்தான்.

சரோஜா: ஆறு வருஷமாகவா?

நடராஜன்: தினமும்.

சரோஜா: அக்காவுக்கு ரொம்பப் பொறுமைங்க. மெஷினே மூன்று தடவைதான் பொறுத்தது.

நடராஜன்: சரி, கதவைத் திறந்து துணியை எடுத்துவிடட்டுமா?

சரோஜா: ஐயோ, கையை எடுங்க! நுரைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறது. அதை முதலில் வெளியேற்றட்டும். அப்புறம் பொடி வைக்கிற பெட்டியைக் கழுவிவிட்டு, அலசுவதற்கு மட்டும் போடுங்க. பொடி ஒரு துளி கூடக் கூடாது. துணி வாசனைக்கு அக்கா வைத்திருக்கிற கண்டிஷனர் ஒரு மூடி மட்டும் அதற்கான குழியில் ஊற்றுங்க, அது நுரையை அமுக்கும். கண்ணாடி வழியாக நுரை தெரியாமல் போகிற வரைக்கும் திரும்பத் திரும்ப அலச வேண்டியதுதான்.

நடராஜன்: அந்தத் தண்ணீரும் உங்கள் பாத்ரூமுக்குத்தானே வரும்?

சரோஜா: வரும். அவர் இன்னொரு தடவை குளிக்கட்டும், குறைந்தா போய்விடுவார்? மாடிக் குழாயும் எங்கள் குழாயும் கீழே ஒன்றாகச் சேருகிறது, நாங்கள் என்ன செய்ய?

நடராஜன்: இப்போது 'சூடு' போய்விட்டது பாருங்க! ஃபேன்தான் வேலை செய்திருக்கிறது.

சரோஜா: ஃபேன் இல்லைங்க.

நடராஜன்: ஈரத் துண்டும் ஒரு காரணம்.

சரோஜா: சரிங்க, ஈரத் துண்டுதான். ஆமாம், அது என்ன மூலையில் ஈரமாக ஒரு மூட்டை?

நடராஜன்: தரையைத் துடைத்தேன். இரண்டு பெட்ஷீட், நாலு தலையணை உறை. அப்புறம் இஸ்திரிக்குக் கொடுக்க மடித்து வைத்திருந்த சுங்குடிப் புடவை. பழசு என்று நினைத்தேன். இதற்கெல்லாம் எத்தனை கரண்டி போட வேண்டும்?

சரோஜா: ஒன்றும் வேண்டாம். துணி குடித்திருக்கிற பொடியே அடுத்த ஆடி வரைக்கும் போதும்.

(செல்போன் அடிக்கிறது.)

நடராஜன்: அவள்தான்! என்னம்மா சொல்ல?

சரோஜா: வீட்டில் சூடு என்று சொல்லுங்க. அக்கா வந்து புடவையைப் பார்த்ததும் அது உண்மையாகிவிடும்.