இது ஓப்பரா இல்லையாம்!

மூன்று நாளாகிவிட்டது, இன்னும் வயிறு எரிகிறது. முன்பின் தெரியாத ஒரு மனிதன் தன் வீட்டுக் குசினி அலுமாரிக்கு என்ன நிறம் பூசப் போகிறான், பழைய குழாயைக் கழற்ற எவ்வளவு கேட்டார்கள், அதற்கு மாமியார் என்ன சொன்னார், எல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம். நான் 38 யூரோ கொடுத்துக் கேட்கப் போனது இதை இல்லை. மொரோக்கோவில் இருந்து வந்த ஒரு க்னாவா இசை மாலெமின், அதாவது ஆசானின், கெம்ப்ரி வாத்தியத்தைக் கேட்கப் போனேன். அது மட்டும்தான் காதில் விழவில்லை.

கூட்டிக்கொண்டு போனவர் என்னோடு வேலை செய்கிற மொரோக்கோக்காரர். அவர் இருப்பது பார்பெஸ், நான் லாச்சப்பல். பாரிஸின் இரண்டாம் இலக்க மெத்ரோவில் அடுத்தடுத்த தரிப்பிடம். பத்து வருடமாக ஒரே அடுப்படியில் நிற்கிறோம். என்னை 'கூயா' என்றுதான் கூப்பிடுவார், நாங்கள் 'சகோதரம்' என்கிற மாதிரி. சொந்த ஊர் எசவீராவுக்குப் பக்கம். தட்டுக் கழுவும் மெசின் இரைகிற நேரத்திலும் இரண்டு கரண்டியைச் சேர்த்துத் தாளம் தட்டிக்கொண்டு நிற்கிற ஆள். "ஒருநாள் உன்னை நல்ல மாலெம் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிவந்தவர், இந்த முறை உண்மையாகவே இரண்டு ரிக்கெற்றோடு வந்து நின்றார். என் பங்குக் காசை வாங்கவே மாட்டேன் என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன். இப்போது நினைத்தால் இரண்டு பேருக்குமே தண்டம்.

பாரிஸுக்கு வெளியே ஒரு பூங்கா. வட ஆபிரிக்க இசையும் உலக இசையும் என்று விளம்பரம். வாசலில் என் தண்ணீர்ப் போத்தலின் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். மூடியோடு இருந்தால் மேடைக்கு எறிந்துவிடுவோமாம். முப்பத்துநான்கு பாகை வெயிலில், மூடியில்லாத போத்தலை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, குழந்தை தூக்கினவன் மாதிரி முழு மாலையும் நின்றேன். உள்ளே காசு செல்லாது. கையில் ஒரு பட்டி கட்டி அதற்குள் காசு ஏற்ற வேண்டும். ஒரு சின்னக் குவளை புதினாத் தேநீர் 6 யூரோ. கூட்டாளி அதில் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புல்லில் ஊற்றினார். சரி, இதெல்லாம் எங்கும் நடப்பதுதான், விடுவோம்.

ஆனால் நேர அட்டவணையைப் பார்த்தபோதே எனக்கு உச்சி சுட்டது. க்னாவாவுக்கு மாலை 6.30. நாற்பது நிமிடம்.

க்னாவா என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பகிடி என்று விளங்கும். சகாராவுக்குத் தெற்கே இருந்து அடிமைகளாக மொரோக்கோவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் காப்பாற்றி வைத்திருக்கிற இசை அது. பாட்டுகளுக்குள் இன்னமும் பம்பரா மொழிச் சொற்கள் கிடக்கின்றன. அதன் உண்மையான இடம் 'லீலா' என்கிற சடங்கு. லீலா என்றால் இரவு, எங்களுடைய லீலை இல்லை. இரவு தொடங்கினால் விடியும்வரை போகும். ஏழு நிறங்கள், நிறத்துக்குரிய ஆவிகள், அந்த ஆவிகளுக்கென்று தனித்தனிப் பாட்டு, தனித்தனிச் சாம்பிராணி. மாலெம் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவார். எந்தப் பாட்டுக்கு யாருக்கு உரு வருகிறதோ அவர் எழும்பி ஆடுவார். ஊரில் வைரவர் கோயில் மடைக்கு விடிய விடிய நின்றவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

அந்த இரவு இசையைத்தான் பட்டப்பகலில் வைத்தார்கள். யூன் கடைசியில் இங்கே சூரியன் மறையவே கிட்டத்தட்ட பத்து மணியாகும். ஆறரைக்கு வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. மேடையில் அந்த மனிதர்கள் சிப்பி கோத்த தொப்பியோடும் நீண்ட அங்கியோடும் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இருட்டின பிறகு வருகிற நல்ல நேரம் யாருக்கு? மடிக்கணினியோடு வந்த டீஜேக்கு. சரி, அந்த நாற்பது நிமிடமாவது முழுதாகக் கிடைத்ததா? அறிவிப்பாளர் ஏறி, இது 2019இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இசை, எங்களுக்கு எவ்வளவு பெருமை என்று ஐந்து நிமிடத்தைத் தின்றுவிட்டுப் போனார். அவ்வளவு பெருமை என்றால் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கியிருக்கலாமே ஐயா!

கெம்ப்ரி என்பது ஒரே மரக்கட்டையைக் குடைந்து, ஒட்டகத் தோல் போர்த்தி, மூன்று நரம்பு கட்டின வாத்தியம். அதன் குரல் அடிவயிற்றில் இருந்து வரும். மாலெம் நரம்பை மீட்டுகிற கையாலேயே தோலிலும் தட்டுவார், வீணையும் மத்தளமும் ஒரே உடம்பில் இருக்கிற மாதிரி. கூட நிற்பவர்களின் கையில் கர்க்காபு, இரும்புத் தாளம். அடிமைச் சங்கிலியின் ஓசை அதில் இருக்கிறது என்று சொல்வார்கள். இரும்பு கூர்மையாகக் கேட்கும், கெம்ப்ரி ஆழமாக ஓடும். இரண்டையும் சரியாகக் கலந்தால்தான் இசை. சவுண்ட் பார்த்தவர் இரும்பை ஏற்றிவிட்டு கெம்ப்ரியைக் கிடங்கில் போட்டுப் புதைத்துவிட்டார். மிச்சம் ஏதாவது வந்திருந்தாலும் பக்கத்து மேடையில் பரீட்சித்துக்கொண்டிருந்த டும் டும் அதை விழுங்கியது. தகரக் கொட்டகைக்குள் ஆலங்கட்டி மழை பெய்த மாதிரி இருந்தது. கூட்டாளி கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சரித்து, எங்கேயோ ஒரு மூலையில் அந்த நாதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கவே ஒரு மாதிரியாகிவிட்டது.

அந்த நேரம்தான் எங்களுக்கு நேர் முன்னால் அலுமாரிக் கதை தொடங்கியது.

நான்கு பேர். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வட்டமாக நின்று, கையில் பியர். இசையின் சத்தம் கூடினால் இவர்களும் குரலைக் கூட்டுவார்கள். மாலெம் குரலைத் தாழ்த்தினால் இவர்கள் தாழ்த்த மாட்டார்கள். நடுவில் ஒருத்தன் மட்டும் திரும்பி, இரண்டு கையையும் வாயில் குவித்து "தீதீ! தீதீ!" என்று கத்தினான். 1992இல் வந்த காலேதின் பாட்டு. காலேத் அல்ஜீரியாவின் ஒரான் நகரத்துக்காரர், அது ராய் இசை. மேடையில் நிற்பவர் மொரோக்கோக்காரர், அவர் வாசிப்பது க்னாவா. இரண்டு நாடும் 1994இல் இருந்து தரை எல்லையை மூடி வைத்திருக்கின்றன. இவன் பியர்க் குவளையோடு நின்று ஒரே கூச்சலில் திறந்துவிட்டான்! தவில் வித்துவானைப் பார்த்து "கிற்றார் வாசி" என்று கேட்கிற விசரன்கூட இவனைவிடப் பரவாயில்லை.

எத்தனை நேரம்தான் பொறுப்பது? தோளில் மெதுவாகத் தட்டி, என்னுடைய நல்ல பிரெஞ்சு முழுவதையும் திரட்டி, "மன்னிக்க வேண்டும், எங்களுக்குக் கேட்கவில்லை, கொஞ்சம் மெதுவாகக் கதைக்க முடியுமா?" என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "இது ஓப்பரா இல்லையே!"

இந்த ஒரு வசனத்துக்குத்தான் மூன்று நாளாக வயிறெரிகிறேன். பார், அவனுக்கு வாயை மூடத் தெரியும். ஓப்பராவில் என்றால் மூடுவான். அங்கே இருமல் வந்தால்கூடத் தொண்டைக்குள்ளேயே விழுங்கி, பாட்டு முடியும்வரை கண்ணில் நீர் வர இருப்பான். ஆகவே பழக்கம் தெரியாத ஆள் இல்லை. எந்த இசைக்கு வாயை மூட வேண்டும், எந்த இசையைப் பியருக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். ஆபிரிக்காவில் இருந்து வந்ததும் 'உலக இசை' என்று எழுதியதும் அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கின்றன.

அந்தப் பெயரே ஒரு கடைக்காரப் பெயர்தானே. 1987இல் சிறிய இசைத்தட்டு நிறுவனக்காரர் கொஞ்சப்பேர் லண்டனில் ஒரு பப்பில் கூடி, இந்தத் தட்டுகளைக் கடையில் எந்த இடத்தில் அடுக்குவது என்று தெரியாமல் வைத்த பெயர் அது. விற்க உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் லாச்சப்பல் கடையில் இடியப்பத்தையும் கூஸ்கூஸையும் ஒரே பெட்டியில் கொட்டி 'உலகச் சாப்பாடு' என்று எழுதி வைத்தால் எவனாவது வாங்குவானா? கிராமி விருதுக்காரர்களே 2020இல் அந்தப் பெயரைக் கைவிட்டார்கள். எங்கள் பூங்காக்காரர்களுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

உடனே யாராவது கேட்பீர்கள், நாங்கள் மட்டும் என்ன திறம் என்று. ஒத்துக்கொள்கிறேன். கலியாண வீட்டில் நாதஸ்வரக்காரர் உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருக்க, நாங்கள் தாலி எத்தனை பவுண் என்றுதான் கதைத்துக்கொண்டிருக்கிறோம். கெட்டிமேளம் கேட்டால் மட்டும் திடுக்கிட்டுத் திரும்புவோம். அந்த வித்துவான்களின் வயிற்றெரிச்சல்தான் இப்போது எனக்கு வந்து விடிந்ததோ தெரியாது.

அதோடு, நான் ஒன்றும் மௌன விரதம் இருக்கச் சொல்லவில்லை. லீலாவில் எவரும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லையாம். மாலெம் ஓர் அடி எடுத்தால் மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள், கை தட்டுவார்கள், குரவை இடுவார்கள். சத்தம் தாராளமாக இருக்கும், ஆனால் அது பாட்டுக்குள் போய்ச் சேருகிற சத்தம். எசவீராவில் 1998இல் இருந்து நடக்கிற க்னாவா விழாவிலும் சதுக்கத்தில் ஒரே சனமும் இரைச்சலும்தானாம். ஆனால் நடுச்சாமத்துக்குப் பிறகு சின்ன மடங்களுக்குள் போய்த் தரையில் நெருக்கி இருந்து கேட்பார்களாம். கூட்டாளி அதைச் சொல்லும்போது முகமே மாறியது. இங்கே எங்களுக்கு மடமும் இல்லை, நடுச்சாமமும் இல்லை. சாப்பாட்டு வண்டிகள்தான் வரிசையாக நின்றன.

கடைசியில் நடந்ததுதான் உச்சம். ஏழு மணி தாண்டின பிறகு மாலெம் ஒருவழியாக வேகம் பிடித்தார். கர்க்காபுக்காரர் ஒருவர் முன்னால் வந்து குந்தியிருந்து எழும்பிச் சுழல்கிறார். முன்வரிசையில் ஒரு வயதான அம்மா, தலையில் துணி கட்டினவர், எழும்பி ஆடத் தொடங்கினார். கூட்டாளி என் முழங்கையைப் பிடித்து "இப்போதுதான், கூயா, இப்போதுதான்" என்றார். அந்தக் கணத்தில் மைக்கை வெட்டினார்கள். அறிவிப்பாளர் ஓடிவந்து "மெர்சி, மெர்சி, பலத்த கைதட்டல்!" என்கிறார். மாலெமுக்கு விளங்கவில்லை, தொடர்ந்து வாசிக்கிறார். கர்க்காபு மைக் இல்லாமலும் கேட்டது, இரும்பல்லவா. கெம்ப்ரியில் விரல்கள் ஓடுவது மட்டும் தெரிந்தது. மேடைப் பெடியன் ஒருவன் பின்னால் வந்து வயரைப் பிடுங்கிச் சுற்றத் தொடங்கின பிறகுதான் நிறுத்தினார். நெஞ்சில் கை வைத்து எல்லோருக்கும் தலை சாய்த்துவிட்டுப் போனார். அந்த அம்மா இன்னும் இரண்டு சுற்று ஆடிவிட்டு, எங்கே நிற்கிறோம் என்று தெரியாத மாதிரி சுற்றிவரப் பார்த்தார். அலுமாரிக்காரன் நல்லாகக் கை தட்டினான். "அருமை!" என்றுகூடச் சொன்னான்.

டீஜே வரும்வரை நாங்கள் நிற்கவில்லை. மெத்ரோவில் கூட்டாளி பேசவே இல்லை, முழங்காலில் விரலால் தட்டிக்கொண்டு வந்தார். பார்பெஸில் இறங்கும்போது "குறை நினைக்காதே" என்றார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

நேற்று ஒழுங்கமைப்பாளர்களிடம் இருந்து மின்னஞ்சல். எங்கள் மாலையை எத்தனை நட்சத்திரத்தால் மதிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கருத்து எழுத 200 எழுத்துக்கு ஒரு பெட்டி. அலுமாரிக் கதையே அதற்குள் அடங்காது. கீழே இன்னொரு வரி: உங்கள் கைப்பட்டியில் 3 யூரோ 50 சதம் மிச்சம் இருக்கிறது, திரும்பப் பெறுவதற்கான கட்டணம் 2 யூரோ.