சுமக்கிறவர் உள்ளே என்ன என்று கேட்கக் கூடாதா?

கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடையை நீக்கச் சொல்லி பிரிட்டனிலும் கனடாவிலும் தொழிற்சங்கங்கள் தீர்மானம் போடும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். சம்பளமும் போனஸும் பேச வேண்டியவர்களுக்கு இன்னொரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் என்ன வேலை? சந்தா கட்டுகிற உறுப்பினரே கேட்பதுண்டு. அதனால் இதைக் கிண்டல் செய்து தள்ளிவிட முடியாது.

ஆனால் வெளியுறவுக் கொள்கை கடைசியில் ஒரு பெட்டியாகவோ மூட்டையாகவோ யாரோ ஒருவரின் கை வழியாகத்தானே போய்ச் சேர வேண்டும்? அந்தக் கைக்குச் சொந்தக்காரர் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் அது அத்துமீறலா?

1938 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் போர்ட் கெம்ப்ளா துறைமுகத்தில் இதே சண்டை நடந்தது. டால்ஃப்ராம் என்ற கப்பலில் பிக் அயர்ன் எனப்படும் கச்சா இரும்புக் கட்டிகளை ஏற்ற வேண்டும். போகிற இடம் ஜப்பான். சீனாவின் நான்ஜிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலை நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சீனாவில் குண்டாக விழப்போகிற இரும்பைத் தொட மாட்டோம், நாளைக்கு அது நம் மேலேயே விழலாம் என்று சொல்லி சுமார் 180 துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் மென்சீஸ் சொன்ன பதில் நமக்குப் பழக்கமானதுதான்: வெளியுறவுக் கொள்கையை முடிவு செய்வது தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு, சங்கம் அல்ல. உரிமம் வாங்கினால்தான் துறைமுகத்தில் வேலை என்ற சட்டத்தை அரசு கையில் எடுத்தது. அந்த ஊர் எஃகு ஆலையும் மூடப்பட்டு, அந்தப் போராட்டத்தில் நேரடியாக இல்லாத சுமார் 4,000 பேர் வேலையிழந்தார்கள். சிட்னியில் இருந்த சீனர்கள் இவர்களுக்குக் காய்கறி லாரி அனுப்பினார்கள். மென்சீஸுக்கு மிஞ்சியது 'பிக் அயர்ன் பாப்' என்ற பட்டப்பெயர். பிற்பாடு பல ஆண்டுகள் பிரதமராக இருந்தும் அது போகவில்லை.

ஏறக்குறைய பத்து வாரம் கழித்து, எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு அந்தச் சரக்கை ஏற்றினார்கள். தோல்விதான் என்று சொல்லலாம். 1942 பிப்ரவரி 19 அன்று ஜப்பான் டார்வின் நகரத்தின் மேல் குண்டு வீசியபோது எத்தனை பேர் அதை மீண்டும் தோல்வி என்றார்களோ தெரியாது. 1945இல் இந்தோனேசியாவை மறுபடி பிடிக்கக் கிளம்பிய டச்சுக் கப்பல்களை அதே ஆஸ்திரேலியத் துறைமுகங்கள் முடக்கின. அப்போது சிட்னியில் இந்திய மாலுமிகளும் கப்பலை விட்டு இறங்கி அவர்களோடு நின்றார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாத சங்கதி.

சங்கம் என்றாலே வல்லரசை எதிர்த்துக் கேட்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1963இல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவில் செட்டி ஜகனின் இடதுசாரி அரசுக்கு எதிராக 80 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதற்கு சி.ஐ.ஏ. பணம் போய்ச் சேர்ந்ததே அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் வழியாகத்தான். அப்போது மட்டும் சங்கத்துக்கு வெளியுறவில் என்ன வேலை என்று வாஷிங்டனில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை போலும்.

சரி, கியூபாவுக்கு வருவோம். 1962இல் கென்னடி கையெழுத்திட்ட தடை இன்னும் நீடிக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 1992 முதல் இதைக் கண்டித்து வாக்களித்து வருகிறது. 2024இல் 187 நாடுகள் கண்டித்தன. அந்தத் தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. ஒன்றும் அசையவில்லை. ஏனென்றால் இந்தத் தடை வேலை செய்கிற இடம் வேறு. வணிகத்துக்காகக் கியூபா போன கப்பல் 180 நாளைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது என்கிறது அமெரிக்காவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம். எந்தக் கப்பல் முதலாளி அந்த வம்பை விலைக்கு வாங்குவார்? வங்கிகளின் கதையும் அதுதான். கியூபா, சூடான், ஈரான் பரிவர்த்தனைகளுக்காக 2014இல் பிரான்ஸின் பி.என்.பி. பாரிபா வங்கி கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதைப் பார்த்த மற்ற வங்கிகள் கியூபா என்ற சொல்லைக் கண்டாலே பின்வாங்குகின்றன. 2015இல் பிரிட்டனில் செயல்படும் ஒரு கியூபா ஆதரவு அமைப்பின் கணக்கையே ஒரு பிரிட்டிஷ் வங்கி மூடியது. லண்டனில் இருக்கிற ஒரு கணக்கை மூட வைக்கும் அளவுக்கு வாஷிங்டன் சட்டத்தின் கை நீளுகிறது.

அதனால் சங்கங்கள் கேள்வி கேட்பதில் எனக்குக் குறையில்லை. தீர்மானத்தோடு நின்றுவிடுவதுதான் குறை. இன்னொன்றும் உறுத்துகிறது. கியூபாவில் அங்கீகாரம் பெற்ற மத்திய சங்கம் சி.டி.சி. ஒன்றுதான், அதுவும் ஆளும் கட்சியின் பிடியில் இருக்கிறது. சுதந்திரமாகச் சங்கம் வைக்க முயன்றவர்களுக்கு அங்கே நெருக்கடிதான். தடையைக் கண்டிக்கிற தீர்மானத்தில் இவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கினால் என்ன கெட்டுவிடும்? தடையால் தவிப்பவரும் அந்தத் தொழிலாளிதானே.

போர்ட் கெம்ப்ளாவில் இரும்பு கண்ணுக்குத் தெரிந்தது, கை வைக்க மறுக்க முடிந்தது. இன்று அந்தச் சுமை வங்கிக் கணினியில் ஒரு வரியாக ஓடுகிறது. ஆனால் அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிலும் சங்க உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனின் யுனைட் சங்கத்துக்கே நிதித் துறையில் உறுப்பினர்கள் உண்டு. 'கியூபா' என்று எழுதியிருப்பதற்காகவே ஒரு பணப் பரிமாற்றத்தை முடக்கச் சொன்னால் எங்கள் உறுப்பினர் மறுக்கலாம், வேலைக்கு ஆபத்து வந்தால் சங்கம் துணை நிற்கும் என்று ஏதாவது ஒரு மாநாடு எழுதி வைக்குமா? அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.