ராகு எண்ணில் ஒரு ராட்சசன்

கார் நம்பர் எடுக்கும்போது நம் ஆட்கள் முதலில் பார்ப்பது கூட்டு எண்ணைத்தான். 5481 என்றால் 18, 18 என்றால் 9, செவ்வாய், தாராளமாக எடுக்கலாம். இதற்காக ஏலத்தில் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கட்டுகிறவர்களும் உண்டு. அவரவர் காசு, அவரவர் இஷ்டம். என் ஆதங்கம் வேறு. எண்கள் மேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கும் நாம், அவற்றிடம் இந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோமே!

கூட்டு எண் என்பது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான் (மீதி இல்லையென்றால் 9). 3, 6, 9 வந்தால் அந்த எண் 3-ஆல் வகுபடும். ஆகவே 3-ஐத் தவிர எந்தப் பகா எண்ணுக்கும் அந்த மூன்றும் வராது. அந்த 5481-உம் உடைத்துப் பார்த்தால் 27 × 7 × 29.

இனி ராட்சசனுக்கு வருவோம். 136,279,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது, 2024 அக்டோபரில் லூக் டுரண்ட் என்பவர் ஜிம்ப்ஸ் என்ற தன்னார்வத் திட்டத்தின் வழி கண்டுபிடித்த பகா எண். 41,024,320 இலக்கங்கள். இதற்குக் கூட்டு எண் பார்க்க அத்தனையையும் கூட்ட வேண்டுமா? வேண்டாம். 2, 4, 8, 16, 32, 64 ஆகியவற்றின் கூட்டு எண்கள் 2, 4, 8, 7, 5, 1. அப்புறம் மறுபடி 2-இல் தொடங்கும், ஆறுக்கு ஒரு சுற்று. 136,279,841-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 5. வரிசையில் ஐந்தாவது 5, ஒன்று கழித்தால் 4.

ராகு! சீனர்களுக்கு ஆகாத எண் என்பதால், கோலாலம்பூரில் எத்தனையோ கொண்டோ லிஃப்டுகளில் 4-க்குப் பதில் 3ஏ என்றுதான் பொத்தான் இருக்கும். அந்த 4.

இந்த வகைக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். 3, 7 இரண்டையும் தள்ளிவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் கூட்டு எண் 1 அல்லது 4தான். 2147483647-க்கு 1, சூரியன். 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. பழைய கணினிகள் 1970 முதல் வினாடிகளை எண்ணிக்கொண்டே வந்து, 2038 ஜனவரி 19-இல் முட்டி நிற்கப்போவதும் இதே எண்ணில்தான்.

இது பகா எண் என்று 1772-லேயே நிறுவியவர் கணித மேதை ஆய்லர். 46,340 வரை உள்ள பகா எண்களால் எல்லாம் அவர் வகுத்துக்கொண்டிருக்கவில்லை. இதற்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வர முடியும் என்று முதலில் காட்டினார். மிச்சமிருந்த கொஞ்சத்தைத்தான் கையால் வகுத்தார். கம்ப்யூட்டரின் வேகத்தைவிட எனக்கு மலைப்பு இதில்தான். டியூஷன்களில் வாய்ப்பாட்டுக்குக் கொடுக்கும் நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் என்ன?

சரி, உங்கள் கார் நம்பரை எடுங்கள். நாலு இலக்கம் என்றால் 97 வரை உள்ள 25 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். எதிலும் மாட்டவில்லையென்றால் அது பகா எண், கமெண்டில் போடுங்கள். கூட்டு எண் 9 உள்ளவர்கள் சிரமப்பட வேண்டாம்.