ஒட்டா, புது ரியூப்பா?

(யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஓர் ஒழுங்கை. அதன் முகப்பில் சைக்கிள் திருத்தும் கொட்டில். பின்னேரம் நாலரை. பின் சில்லில் காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு தமிழ் மாஸ்டர் வருகிறார். கடைக்கார அண்ணை பழைய ரயர் ஒன்றின்மேல் குந்தியிருக்கிறார்.)

அண்ணை: என்ன மாஸ்டர், காற்றுப் போனது சைக்கிளுக்கா, உங்களுக்கா?

மாஸ்டர்: இரண்டுக்கும்தான். சில்லுக்கு ஓர் ஒட்டுப் போட்டால் சரி. என் பாடு ஒட்டுப் போட்டுத் தீராது. பிள்ளைகளை விவாதப் போட்டிக்குப் பழக்குகிறேன்.

அண்ணை: அதைப் பழக்க வேணுமா? எங்கள் ஒழுங்கையில் ஒரு வேலிக் கதியாலுக்காக முப்பது வருசமாக நடக்குது. ஒருவரும் பழக்கவில்லை.

மாஸ்டர்: அது சண்டை. அங்கே மணி அடிக்க ஆள் இல்லை.

அண்ணை: (சில்லைக் கழற்றியபடி) சரி, தலைப்பு என்ன?

மாஸ்டர்: 'மாணவருக்குத் தனியார் வகுப்பு அவசியமே.' பத்து ரூபாக் குற்றியைச் சுண்டிப் பக்கம் பிரித்தேன். எதிர்த்துப் பேச விழுந்த மூன்று பேரும் இன்றைக்கு நாலு மணிக்கே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அண்ணை: எங்கே?

மாஸ்டர்: ரியூசனுக்கு.

(அண்ணை சிரித்த சிரிப்பில் லீவர் கையை விட்டு வழுக்குகிறது.)

அண்ணை: பிறகு எப்படி அவர்கள் அது வேண்டாம் என்று பேசுவது?

மாஸ்டர்: அதுதான் பயிற்சியே. நாங்கள் என்ன நம்புகிறோம் என்பது வேறு. விழுந்த பக்கத்து நியாயத்தைத் தேடிப் பிடிக்க வேணும். அப்போதுதான் மற்றப் பக்கம் எங்கே பலமாக நிற்குது என்றும் பிடிபடும்.

அண்ணை: கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து வேலை என்று சொல்லுங்கோ.

மாஸ்டர்: போன கிழமை ஒத்திகையைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஆதரவு அணித் தலைவன் எழும்பினான். நல்ல குரல். கொடுத்தது ஐந்து நிமிடம். தமிழ்த் தாய்க்கு வணக்கம், அவைக்கு வணக்கம், நடுவர்களுக்கு வணக்கம், மணி அடிக்கிறவருக்குத் தனியாக ஒரு வணக்கம். ஒன்றரை நிமிடம் போய்விட்டது.

அண்ணை: மணி அடிக்கிறவர் கையெடுத்துக் கும்பிட்டாரா?

மாஸ்டர்: கேளுங்கோ. அதற்குப் பிறகு கையை நீட்டி, 'எதிரணித் தலைவர் சற்று முன்னர் முழங்கினாரே, தனியார் வகுப்பு ஒரு வியாபாரம் என்று!' என்று ஒரு போடு போட்டான். எதிரணித் தலைவி இன்னும் கதிரையை விட்டே எழும்பவில்லை. பாவம், அந்தப் பிள்ளை தான் எப்போது முழங்கினேன் என்று தாளைப் புரட்டித் தேடுது.

அண்ணை: அந்தப் பேச்சை அவனுக்கு ஆர் எழுதிக் கொடுத்தது?

மாஸ்டர்: ரயர் தேய்ந்து போச்சோ, பாருங்கோ.

அண்ணை: மாஸ்டர்.

மாஸ்டர்: நான்தான். இரண்டாம் பேச்சாளனுக்கு எழுதினது. இவன் தாளை மாறி எடுத்துப் பாடமாக்கிவிட்டான். அன்றோடு எழுதிக் கொடுக்கிறதை நிறுத்திவிட்டேன். பாடமாக்கினவனுக்கு எதிராளியின் பேச்சு காதில் ஏறாது. அடுத்த வரி மறந்துவிடுமோ என்ற பயம்தான். இப்போது கையில் ஒரு துண்டு, அதில் நாலு சொல். மிச்சத்தை எதிராளி பேசப் பேசக் குறித்துக்கொள்ள வேணும்.

அண்ணை: எனக்கென்னவோ எல்லாம் பட்டிமண்டபம் மாதிரித்தான் தெரியுது. நல்லூரில் கம்பன் விழாவுக்குப் போய்க் கேட்டு வளர்ந்தவன் நான்.

மாஸ்டர்: பட்டிமண்டபம் பழைய சாமான். மணிமேகலையிலேயே வருது. பட்டிமண்டபத்தில் முறை தெரிந்து ஏறுங்கோ, ஆகாதவரோடுகூடச் 'செற்றமும் கலாமும்' வேண்டாம் என்று. கோபமும் கூடாது, கலகமும் கூடாது. ஆனால் நான் இப்போது பழக்குவது உலகப் பாடசாலைகள் விவாதப் போட்டியின் முறை. 1988-இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கினது. பக்கத்துக்கு மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம், கடைசியில் 4 நிமிடத் தொகுப்புரை. புள்ளியில் உள்ளடக்கத்துக்கு 40, பேசும் விதத்துக்கு 40, உத்திக்கு 20. ஒருவர் பேசும்போதே எதிரணி எழும்பிக் கேள்வி கேட்கலாம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் மட்டும் கூடாது.

அண்ணை: பேச்சை வெட்டிக் கேட்கலாமா? எங்கள் ஒழுங்கைக்கு ஏற்ற முறை.

மாஸ்டர்: நேற்று ஒரு பிள்ளை பேசிக்கொண்டிருக்க எதிரணிப் பொடியன் கேள்விக்கு எழும்பினான். தன் நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்து இந்தப் பிள்ளை நன்றி சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். எது சொன்னாலும் கூற்று, காரணம், சான்று மூன்றும் வேணும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப் போச்சு.

அண்ணை: அவ்வளவுதானா? (ரியூப்புக்குக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்குகிறார்.) இந்த ரியூப்பை மாற்ற வேணும்...

மாஸ்டர்: (கையைத் தூக்கி) கேள்வி!

அண்ணை: முதல் நிமிடம், மாஸ்டர். இருங்கோ. மாற்ற வேணும் என்பது கூற்று. ரப்பர் நைந்து போச்சு, அது காரணம். பழைய ஒட்டின் விளிம்பில் குமிழி வருது பாருங்கோ. மணி மணியாக. அது சான்று.

மாஸ்டர்: ஒரே ஓர் இடம். அதை வைத்து முழு ரியூப்பையும் பழிக்கலாமா?

அண்ணை: மற்றப் பக்கம் இன்னும் நாலு ஒட்டு. எண்ணுங்கோ.

மாஸ்டர்: அந்த நாலும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்குதே! ஒட்டினால் தாங்கும் என்பதற்கு அதுவே என் பக்கத்துச் சான்று.

அண்ணை: தாங்குது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒட்டினது ஆர்? நான். அது என் கைவேலைக்குச் சான்று. உங்கள் ரியூப்புக்கு இல்லை.

மாஸ்டர்: (குரல் உயர்ந்து) நியாயமாகக் கதையுங்கோ! ஒட்டுக்கு ஒரு காசு, ரியூப்புக்கு எத்தனை மடங்கு! உங்களுக்கு வியாபாரம்!

அண்ணை: செற்றம், மாஸ்டர். செற்றம்.

(மாஸ்டர் வாயைத் திறக்கிறார். மூடுகிறார். வாங்கில் அமர்கிறார்.)

மாஸ்டர்: போடுங்கோ. புதிதையே போடுங்கோ.

(அண்ணை புது ரியூப்பைப் போட்டு, காற்றடித்து, சில்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். மாஸ்டர் காசை எண்ணிக் கொடுக்கிறார். அண்ணை பழைய ரியூப்பைத் துடைத்து, அரத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்து, சொல்யூசன் பூசி ஊதுகிறார்.)

மாஸ்டர்: உது என்ன செய்கிறீர்கள்?

அண்ணை: ஒட்டி வைத்தால் ஆருக்காவது உதவும். இன்னும் ஒரு வருசம் ஓடும்.

மாஸ்டர்: அண்ணை!

அண்ணை: அது மற்றப் பக்கத்து வாதம், மாஸ்டர். நீங்கள்தான் குற்றியைச் சுண்டவில்லையே.