களத்துக்கு மனசு மட்டும் போதாது

சென்ற வியாழக்கிழமை நடந்த சமூகப்பணிக் கூட்டத்தில் நடந்ததை நேரில் கண்டவர்களும் காணொளியில் கண்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால், அதை முழுதாக விபரிக்கத் தேவையில்லை. நாங்கள் சமூகப்பணி கற்பிக்கும் இறுதியாண்டு மாணவி ஒருவர் தனது களப்பயிற்சியில் கண்டதைச் சொல்லி முடிக்கும் முன்னரே, "தங்கச்சி, ஆராய்ச்சியக் கம்பஸிலயே வச்சிற்று வாங்க, களத்துக்கு மனசு இருந்தாப் போதும்" என்று மேடையிலிருந்து சொல்லப்பட்டது, மண்டபம் கைதட்டியது. சொன்னவரோடு எனக்குப் பகையில்லை. கைதட்டியவர்களில் பாதிப்பேர் என்னோடு ஒரே மோட்டார் சைக்கிளில் கிராமம் கிராமமாக அலைந்தவர்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

அந்த மாணவி சொல்ல வந்ததையாவது இங்கே எழுதிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை. மாணவி பயிற்சி பெற்ற அலுவலகத்தின் கோப்பில் "பெற்றோரின் அக்கறையின்மை" என்று எழுதி, தாய்க்கு இரண்டு தடவை அறிவுரையும் வழங்கி முடித்திருந்தார்கள். மாணவி பாடசாலையின் வரவுப் பதிவேட்டை வாங்கி, பிள்ளை வராத நாட்களை ஒரு கொப்பியில் குறித்தார். ஏழு வாரங்களில் அனேகமாக எல்லாமே செவ்வாய்க்கிழமைகள். செவ்வாய்தான் லோன் காசு சேர்க்க ஆள் வரும் நாள். தாய் பின்வளவுக்குள் ஒளிந்துகொள்ள, படலையில் நின்று "அம்மா வீட்ட இல்ல" என்று சொல்வதற்காகப் பிள்ளையை மறித்து வைத்திருக்கிறார்கள். அதே பதிவேட்டில் இன்னும் நான்கு பிள்ளைகள் செவ்வாய்க்கிழமைகளில் வரவில்லை என்பதையும் அவர் கண்டுபிடித்திருந்தார். இதைச் சொல்லத்தான் அவரை விடவில்லை.

ஒரு கொப்பியும் பேனாவும் கொண்டு செய்த அந்த வேலைக்குப் பெயர்தான் ஆராய்ச்சி. சமூகப்பணி பிறந்ததே அப்படித்தான். சிக்காகோவில் வறியவர்கள் நடுவே ஜேன் அடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சமூக நிலையத்தில் அவரோடு இருந்தவர்கள், சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாக யார் என்ன கூலி பெறுகிறார் என்று கேட்டு வரைபடமாக்கி, 1895இல் வெளியிட்டார்கள். ஒரு குடும்பத்தைப் பற்றி முடிவுக்கு வருவதற்கு முன்னர் சான்றுகளைச் சேர்த்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சமூகப்பணி முன்னோடி மேரி ரிச்மண்ட் 1917இல் ஒரு முழு நூலே எழுதினார். நம் இலங்கையில் சமூகப்பணிக் கல்வி தொடங்கியது 1952இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் "மனசு போதும்" என்று நாம் கைதட்டுகிறோம்.

மனதைப் பற்றிப் பேச எனக்கும் உரிமை இருக்கிறது. 2005இல், சுனாமி முடிந்து சில மாதங்களில், நிறுவனமொன்றின் படிவக்கட்டோடு முகாம்களுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். கிழக்கில் கடலோரத்திலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டக்கூடாது என்றிருந்த காலம். வேறு காணியில் வீடு கொடுப்பதற்காக விபரம் எடுத்தோம். படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்றொரு கட்டம். ஒரு பெண்ணின் கூடாரத்தில், எனக்குச் சொல்லித்தந்தபடி அவருடைய கணவரின் பெயரை அதில் எழுதினேன். "வளவு என்ட அம்மா எனக்குத் தந்தது மனே, அவர்ர பேரை ஏன் எழுதுறாய்?" என்று கேட்டார். அது சும்மா ஒரு நடைமுறைதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டேன்.

நான் இந்த மண்ணில் பிறந்தவன். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம் என்ற வேறுபாடில்லாமல், வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது என்பதும், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எழுதினேன். வீடு கணவரின் பெயருக்குப் போனது. மூன்று வருடங்களின் பின்னர் அவர் பிரிந்து போனபோது, இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்தத் தாய் தங்கையின் வீட்டு விறாந்தையில் இருந்தார். பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்கு வீடில்லை. அவருக்கு மட்டும் நடந்ததுமல்ல. புதிய வீடுகள் ஆண்களின் பெயருக்குப் போனதைக் குறித்து இப்பகுதிப் பெண்கள் அமைப்புகள் அப்போதே குரல் கொடுத்தன. எனக்கு அன்று மனது இருந்தது. இரவில் அழுதுமிருக்கிறேன். படிவத்தை அச்சடிப்பதற்கு முன்னர் இருபது பெண்களிடம் "வீடு யாருடையது?" என்று கேட்டிருந்தால், அந்தக் கட்டமே வேறு விதமாக இருந்திருக்கும்.

"எங்களை ஆராய்ந்தது போதும்" என்று சிலர் எழுதுவீர்கள் என்பது தெரியும். அதை மறுக்க என்னால் முடியாது. போர், சுனாமி, வெள்ளம் என்று ஒவ்வொன்றுக்கும் பிறகு வந்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். என்ன கண்டோம் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் மிகக் குறைவு. ஒரே விதவையிடம் கணவர் எப்படி இறந்தார் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அந்தக் கேள்விகளால் உண்டான காயத்தை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தத் தவறுக்கு எங்கள் பிள்ளைகள் பொறுப்பல்ல. இந்த மாணவி தன் கொப்பியை முதலில் கொண்டுபோய்க் காட்டியது அந்தத் தாயிடம்தான். கூட்டத்தில் சொல்லலாமா என்று சம்மதமும் கேட்டிருக்கிறார்.

அவசர வேளையில் ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா என்பது இரண்டாவது கேள்வி. பிள்ளைக்கு ஆபத்தென்றால் முதலில் காப்பாற்றுங்கள். யார் வேண்டாம் என்றது? ஆண்டுக் கணக்காக அதே கோப்பில் அதே வரியை எழுதுவதில் என்ன அவசரம் இருக்கிறது?

கற்பிக்கும் எங்களிடமும் பிழை உண்டு. எங்கோ வேறு நாட்டில் ஆக்கிய வினாக்கொத்தை மொழிபெயர்த்துக் கொடுத்து, நூறு பேரிடம் நிரப்பி, தடித்த அட்டை போட்டுக் கட்டிய ஆய்வேடுகள் அலுமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. ஆராய்ச்சி முறையியலை ஒரு பாடமாகவும் களப்பயிற்சியை இன்னொரு பாடமாகவும் பிரித்துவைத்தது நாங்கள்தான். சர்வதேச சமூகப் பணியாளர் சம்மேளனம் 2014இல் ஏற்றுக்கொண்ட வரைவிலக்கணம், சமூகப்பணியை நடைமுறைத் தொழிலாகவும் கல்வித்துறையாகவும் ஒருசேரச் சொல்கிறது. ஒரு மண்ணின் மக்கள் வழிவழியாக அறிந்துவைத்திருக்கும் சுதேச அறிவையும் அதன் அடித்தளங்களில் ஒன்றாகச் சேர்க்கிறது. அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறோம். வளவு தன் தாய் தந்தது என்று அந்தப் பெண் சொன்னது சுதேச அறிவு என்பதை எத்தனை வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தோம்?

வெள்ளிக்கிழமை காலை அந்த மாணவி என்னிடம் வந்து, வரவுப் பதிவேட்டுப் பகுதியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாமா சேர் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தத் தாயின் பெயரும் ஊரும் இல்லாமல், அந்தச் செவ்வாய்க்கிழமைகள் அத்தனையும் அப்படியே இருக்க, அறிக்கை வருகிற திங்கட்கிழமை அதே அலுவலகத்துக்குப் போகும். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.