'25 நண்பர்கள்' கதை

"ஃபேஸ்புக் இப்போது 25 நண்பர்களின் பதிவுகளை மட்டும்தான் காட்டுகிறது. இதைக் காப்பி செய்து உங்கள் சுவரில் போடுங்கள், படித்தவர்கள் ஒரு 'வணக்கம்' சொல்லுங்கள், அப்புறம் எல்லோருக்கும் உங்கள் பதிவு தெரியும்." எழுதுகிறவர்கள், சிறுதொழில் பக்கம் நடத்துகிறவர்கள் பலர் இதை நம்பிப் பகிர்கிறார்கள். ஆனால் இது உண்மையல்ல.

சில பிரதிகளில் 25, சிலவற்றில் 26. அப்படி எந்த எண்ணிக்கை வரம்பும் கிடையாது என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2019-லேயே மறுத்துவிட்டது. இந்த வதந்திக்குத் தீனி போட்டது 2018 ஜனவரி அறிவிப்பு. அதில் சொன்னது வேறு: நிறுவனங்களின் பக்கங்களைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை. அதனால் அடி வாங்கியது பக்கங்கள்தான்.

சரி, போட்டதும் பழைய நண்பர்கள் எட்டிப் பார்த்தார்களே? 'வணக்கம்' என்பதும் ஒரு கமெண்ட்தானே! கமெண்ட் விழ விழ அந்தப் பதிவு இன்னும் பலர் கண்ணில் படும். அடுத்து நீங்கள் எழுதும் கட்டுரைக்கு அந்த மவுசு தானாக வந்துவிடாது. போதாக்குறைக்கு, லைக், கமெண்ட் கேட்டு இரக்கிற பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள்.

உங்கள் பதிவைத் தவறவிடக் கூடாது என்று நினைக்கும் வாசகரிடம், உங்களை ஃபேஸ்புக்கின் 'ஃபேவரைட்ஸ்' பட்டியலில் (யாருடைய பதிவுகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கும் பட்டியல்) சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலுக்குத்தான் உண்மையிலேயே ஒரு வரம்பு உண்டு: நண்பர்களும் பக்கங்களும் சேர்த்து 30.